கத்திக்கு உறை தைக்கப் போகிறீர்களா?

கைவேலை: கேள்வி பதில்

தோல் உறையைக் கையால் தைப்பது பற்றிப் போன இதழில் ஒரு சின்னக் கேள்விக்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த நாலு வரி யாருக்கும் போதவில்லை என்பது அதற்கப்புறம் வந்த கடிதங்களைப் பார்த்ததும் தெரிந்தது. நிறைய கடிதங்கள் சேலம், ஏற்காடு பக்கத்திலிருந்து வந்திருக்கின்றன. அதனால் இந்த முறை முழுக்க உறைதான்.

*காபித் தோட்டத்தில் வேலை செய்கிறேன். இடுப்பில் செருகும் சின்னக் கத்திக்கு, சோபா தைக்கும் கடையில் வாங்கிய துண்டுத் தோலை இரண்டாக மடித்து ஓரம் முழுக்கத் தைத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரே வாரத்தில் கத்தி தையலை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. நூல் சரியில்லையா, என் தையல் சரியில்லையா?*
*(வாசகர், நாகலூர், ஏற்காடு)*

நூல் மேலும் குற்றமில்லை, உங்கள் தையல் மேலும் குற்றமில்லை. கத்தியின் கூர் நேராக நூலில் போய் உட்காரும்படி உறை அமைந்துவிட்டது, அவ்வளவுதான். தோலை மடித்து ஓரத்தைத் தைத்தால் மடிப்புப் பக்கம் கத்தியின் முதுகு வரும், தையல் பக்கம் கூர் வரும், நீங்கள் ஒவ்வொரு முறை உருவிச் செருகும்போதும் கூர் நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். எஃகுக் கம்பியால் தைத்தாலும் கதை இதுதான், என்ன, கம்பி அறுவதற்குப் பதிலாக உங்கள் கத்தி மழுங்கியிருக்கும்.

இதற்கு மருந்து நடுப்பட்டை. உறையின் இரண்டு பக்கத் தோலுக்கும் நடுவே, கூர் வரும் ஓரம் முழுக்க, ஒரு தோல் பட்டையை வைத்து மூன்றையும் சேர்த்துத் தைக்க வேண்டும். அகலம் 10 முதல் 12 மில்லிமீட்டர் இருக்கட்டும், கனம் உறைத் தோலின் கனமே போதும். தையல் வரி வெளி விளிம்பிலிருந்து 3 அல்லது 4 மில்லிமீட்டர் உள்ளே ஓடினால், கூருக்கும் நூலுக்கும் நடுவில் குறைந்தது அரை சென்டிமீட்டர் தோல் நிற்கும். கூர் அந்தத் தோலில் உட்காரும், நூல் பக்கமே வராது. வாய்ப் பக்கம் வரும்போது பட்டையைக் கொஞ்சம் சீவி மெலிதாக்குங்கள், இல்லாவிட்டால் கைப்பிடி வந்து சேரும் இடத்தில் உறை அசிங்கமாகப் புடைத்து நிற்கும். முனைப் பக்கம் மட்டும் பட்டையை இன்னும் அகலமாக விடுங்கள், வேகமாகச் செருகும்போது முழு வேகமும் அங்கேதான் போய் இடிக்கிறது.

நடுப்பட்டைக்கு இடம் வேண்டும் என்பதால் அளவும் மாறும். தோலில் கை வைக்கும் முன் பழைய காலண்டர் அட்டையில் வரைந்து பாருங்கள். நடுவே ஒரு கோடு போட்டு, கத்தியின் முதுகை அதன் மேல் நிறுத்தி, ஒரு பக்கம் படுக்க வைத்து வரையுங்கள், பிறகு மறுபக்கம் படுக்க வைத்து வரையுங்கள். கூர்ப் பக்கம் பட்டையின் அகலத்தோடு இன்னும் 3, 4 மில்லிமீட்டர் சேர்த்து விட்டு வெட்டுங்கள். மூன்று அடுக்காகச் சேர்த்து இழைத்தால் அந்த மிச்சம் போய்விடும், கவலை வேண்டாம். அட்டை உறையைக் கிளிப் போட்டுப் பிடித்து, கத்தியைச் செருகிப் பார்த்து, அதற்கப்புறம்தான் தோல். முதல் உறையைக் கெடுத்துக்கொள்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த அட்டையை வெட்டச் சோம்பல்பட்டவர்கள் என்பது என் கணிப்பு.

சோபாத் தோல் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அது உட்காருவதற்காகச் செய்த தோல். மெலிசு, துவளும், பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிட்டது. உறைக்கு வேண்டியது நிமிர்ந்து நிற்கும் தோல். அடுத்த கேள்வியும் அதைப் பற்றியதுதான் என்பதால் அங்கே விரிவாகப் பார்க்கலாம்.

*எந்தத் தோல் என்று எப்படிக் கேட்டு வாங்குவது? சேலத்தில் எங்கே கிடைக்கும்? கடையில் கேட்டால் "எல்லாம் ஒரிஜினல்தாங்க" என்கிறார்கள்.*
*(வாசகி, அம்மாபேட்டை)*

எல்லாம் ஒரிஜினல்தான், அது பொய்யில்லை. ஆனால் ஒரிஜினலில் இரண்டு ஜாதி உண்டு. குரோம் உப்பில் பதனிட்டது ஒன்று, மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது இன்னொன்று. முதலாவது சீக்கிரம் தயாராகும், மிருதுவாக இருக்கும், உலகத்தில் செருப்பு, பை, சோபா என்று போகிற தோலில் பெரும்பகுதி அதுதான். இரண்டாவது தயாராக வாரக்கணக்கில் ஆகும், விறைப்பாக இருக்கும், நனைத்து அழுத்தினால் அழுத்திய வடிவத்தில் அப்படியே காய்ந்து நிற்கும். உறைக்கு இதுதான்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது புதுசும் இல்லை. சேலத்தைத் தாண்டினால் சாலையோரம் மஞ்சளாகப் பூத்து நிற்கிறதே ஆவாரை, அதன் பட்டையில் பதனிட்ட தோல்தான் ஒரு காலத்தில் சென்னைத் துறைமுகம் வழியாகக் கப்பல் கப்பலாகப் போனது. கிழக்கிந்தியத் தோல் என்று அதற்குப் பெயர், இப்போது புவிசார் குறியீடும் இருக்கிறது. ஆவாரம்பட்டையோடு கடுக்காயும் சேரும், பிற்காலத்தில் சீகை மரம் என்று மலைக்காரர்கள் சொல்லும் வாட்டில் மரத்தின் பட்டையும் சேர்ந்துகொண்டது.

கடையில் "பட்டையில் பதனிட்டதா, குரோமா" என்று நேராகக் கேளுங்கள். "வெஜ் டேன்" என்றாலும் புரிந்துகொள்வார்கள். பதில் வரவில்லையென்றால் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். உள்ளே சாம்பலோ வெளிர் நீலமோ தெரிந்தால் குரோம். ஓரம் முழுக்க ஒரே பழுப்பாக இருந்தால் பட்டைத் தோலாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் சாயம் போட்டும் பழுப்பாக்கலாம் என்பதால் இன்னொரு சோதனையும் செய்யுங்கள். பூச்சில்லாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பட்டைத் தோல் அதை உறிஞ்சிச் சட்டென்று கறுக்கும். ஒரு துண்டை எரித்துப் பார்க்கச் சொல்லி யாராவது வீடியோவில் காட்டினால் அதைச் செய்யாதீர்கள், குரோம் தோல் எரிந்தால் உடம்புக்கு ஆகாத குரோமியம் உண்டாகலாம்.

எங்கே கிடைக்கும் என்பதற்கு என்னிடம் கடை விலாசம் இல்லை. ஆனால் வழி உண்டு. உங்கள் ஊரில் செருப்புத் தைக்கிறவரிடம் போய், அடித்தோல் எங்கே வாங்குகிறார் என்று கேளுங்கள். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கமோ செவ்வாய்ப்பேட்டையோ, அவர் சொல்லும் கடைதான் சரியான கடை, அங்கே துண்டுத் தோலை எடை போட்டுத் தருகிறார்களா என்று விசாரியுங்கள். உறைக்கு முழுத் தோல் தேவையே இல்லை. சேலத்தில் அமையவில்லையென்றால் ஈரோடும் திண்டுக்கல்லும் தோல் பதனிடும் ஊர்கள்தான், சென்னை போகும் வேலை இருந்தால் பெரியமேட்டில் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கனம் 3 மில்லிமீட்டர் கேளுங்கள். அவ்வளவு கனம் கிடைக்காவிட்டால் ஒன்றரை மில்லிமீட்டர் தோல் இரண்டை ஒட்டிக்கொள்ளலாம், தப்பில்லை. பழைய பெல்ட்டை வெட்டி உறை செய்யலாமா என்று வேறு ஒருவர் கேட்டிருந்தார். முழுத் தோல் பெல்ட் என்றால் நடுப்பட்டைக்கு அருமையாக உதவும். ஓரம் அடுக்கு அடுக்காகப் பிரிந்து தூள் உதிர்ந்தால் அது தோல் தூளை அட்டை மாதிரி அழுத்தியது, தூக்கிப் போடுங்கள்.

*வீட்டில் தையல் மெஷின் இருக்கிறது. அதிலேயே அடித்துவிடலாமே, எதற்குக் கையால் இவ்வளவு நேரம்?*
*(வாசகர், கொண்டலாம்பட்டி)*

ஜாக்கெட் தைக்கும் மெஷினில் 9 மில்லிமீட்டர் தோலை வைத்தால் ஊசி உடையும், உங்கள் வீட்டில் சண்டையும் வரும். தோல் தைக்கும் பெரிய மெஷின் வேறு, அதில் தைக்கலாம். ஆனால் மெஷின் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் தோலுக்குள் ஒன்றையொன்று கொக்கி போட்டு நிற்கின்றன, ஒன்று அறுந்தால் பக்கத்துத் தையல்களும் வரிசையாக இளகும்.

கையால் தைக்கும் இரட்டை ஊசித் தையலில் ஒரே நூல், அதன் இரு முனையிலும் இரண்டு ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிர்த் திசையில் நுழைந்து போகும். ஓரிடத்தில் நூல் தேய்ந்து அறுந்தாலும் அதே துளை வழியாகப் போகும் மறு பாதி பிடித்துக்கொள்ளும். குதிரைச் சேணம் தைக்கிறவர்கள் இந்த முறையை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். இடுப்பில் கத்தியோடு சரிவில் ஏறி இறங்குகிறவர்களுக்கு அந்த நம்பிக்கை அவசியம்.

செய்முறையும் பெரிய வித்தை இல்லை. முதல் துளையில் நூலை நுழைத்து இரண்டு பக்கமும் சரிபாதி வரும்படி இழுங்கள். அடுத்த துளையில் முன்பக்க ஊசியை விட்டுக் கொஞ்சம் இழுங்கள், பிறகு பின்பக்க ஊசியை அதே துளையில், முதல் நூலுக்குக் கீழே விடுங்கள். விடும்போது முதல் நூலை லேசாகப் பின்னால் இழுத்துப் பாருங்கள், அசைந்தால் நல்லது, அசையாவிட்டால் ஊசி நூலைக் குத்திவிட்டது, வெளியே எடுத்து மறுபடி விடுங்கள். கடைசியில் இரண்டு கையாலும் ஒரே மாதிரி இழுத்து இறுக்குங்கள். எந்த ஊசி முதலில், எது மேலே, எது கீழே என்ற வரிசையை முதல் துளையிலிருந்து கடைசித் துளை வரை மாற்றவே கூடாது. நடுவில் டீ குடிக்க எழுந்துபோனால் எந்த ஊசியில் விட்டோம் என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். முடிக்கும்போது இரண்டு மூன்று துளை திரும்பி வந்து தைத்து, நூலை ஒட்ட வெட்டிவிட்டால் போதும், முடிச்சு வேண்டாம்.

*முன்பக்கம் தையல் அழகாக வருகிறது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் குடிகாரன் நடந்த மாதிரி இருக்கிறது. கை பழகப் பழகச் சரியாகிவிடுமா?*
*(வாசகர், ஓமலூர்)*

கை எத்தனை வருஷம் பழகினாலும் இது தானாகச் சரியாகாது, ஏனென்றால் இதில் தையலுக்கு வேலையே இல்லை. நூல் துளை இருக்கும் இடத்துக்குத்தான் போகும். முன்பக்கம் அளந்து குறி வைத்தீர்கள், அதனால் நேராக இருக்கிறது. குத்தூசியைச் சாய்த்துக் குத்தினீர்கள், மூன்று அடுக்கைத் தாண்டி வெளியே வரும்போது அந்தச் சாய்வு பெரிதாகிப் பின்பக்கம் இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஆகையால் நீங்கள் பழக வேண்டியது குத்துவதை. ஒரு மாலை முழுக்கக் கழிவுத் தோல் மூன்றை ஒட்டி வைத்துத் துளை மட்டும் போட்டுப் பழகுங்கள், ஊசியைத் தொடாதீர்கள்.

முதலில் கோடு. ஜியாமெட்ரி பாக்ஸில் கூர்முனை இரண்டோடு ஒரு டிவைடர் இருக்குமே, அதை 4 மில்லிமீட்டர் திறந்து, ஒரு முனை விளிம்பில் உரச, மறுமுனை தோலில் கோடு இழுக்கட்டும். அப்புறம் அதே டிவைடரை 5 மில்லிமீட்டர் திறந்து அந்தக் கோட்டின் மேல் நடத்திக்கொண்டே போங்கள், துளைக்குக் குறி விழுந்துவிடும். சாப்பிடும் முள்கரண்டியை அழுத்திக் குறி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள், பல் இடைவெளி சமமாக உள்ள கரண்டி என்றால் அதுவும் ஓடும்.

இனி ஒட்டுவது. தைக்கும் முன் மூன்று அடுக்கும் நகராமல் ஒட்டியிருக்க வேண்டும். ரப்பர் பசையை இரண்டு முகத்திலும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும் வரை காய விட்டு, அப்புறம் சேர்த்து அழுத்துங்கள். தோலின் வழவழப்பான முகத்தில் பசை பிடிக்காது, பசை வரும் இடத்தை மட்டும் உப்புத்தாளில் சொரசொரப்பாக்கிக்கொள்ளுங்கள். ஒட்டியதும் ஓரத்தைச் சமமாக இழைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கோடு இழுக்க வேண்டும். இழைப்பதற்கு முன்னால் இழுத்த கோடு ஓரத்தோடு ஒத்துப்போகாது.

குத்தும்போது உறையை மேசையில் படுக்க வைத்து, அடியில் ஒரு தக்கையோ ரப்பரோ கொடுத்து, குத்தூசி செங்குத்தாக நிற்கிறதா என்று முன்னாலிருந்து ஒரு தடவை, பக்கவாட்டிலிருந்து ஒரு தடவை பாருங்கள். முக்கால்வாசிப் பேர் முன்னாலிருந்து மட்டும் பார்க்கிறார்கள். முனை அடியில் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, அது சரியான இடத்தில் வந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து, அப்புறம் முழுக்கக் குத்துங்கள். ஆணியை அடித்துத் துளைக்க வேண்டாம், ஆணி தோலைக் கிழித்துத் தள்ளும்.

இதை ஒட்டியே செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒருவர், கொலுசுப் பட்டறையில் உள்ள சின்ன டிரில்லில் துளை போடலாமா என்று கேட்டிருக்கிறார். தாராளமாக. 1 மில்லிமீட்டர் பிட் போதும். குத்தூசி தோலை விலக்கிவிட்டு வருகிறது, துளை பிறகு நூலைச் சுற்றி மூடிக்கொள்ளும். டிரில் தோலைச் சுரண்டி எடுத்துவிடுகிறது, அந்தத் துளை மூடாது. அதனால் சுத்தக்காரர்களுக்கு டிரில் பிடிக்காது. மூன்று அடுக்கில் நேரான துளை வேண்டும் என்று தவிக்கிற புதியவருக்கு நான் டிரில்லைத்தான் சொல்வேன், சுத்தம் அப்புறம் வரட்டும்.

*எந்த நூல்? எவ்வளவு நீளம் எடுக்க வேண்டும்? எனக்கு எப்போதும் பாதியில் தீர்ந்துவிடுகிறது.*
*(வாசகி, அயோத்தியாப்பட்டணம்)*

மெழுகு பூசிய பாலியெஸ்டர் நூல், 0.8 அல்லது 1 மில்லிமீட்டர். லினன் நூல் கிடைத்தால் அதுவும் நல்லது. மெழுகில்லாத நூல் என்றால் தேன்மெழுகுக் கட்டியில் நாலைந்து முறை இழுத்துக்கொள்ளுங்கள். தேன்மெழுகு மலையில் தேன் எடுக்கிறவர்களிடம் கேட்டால் கிடைக்கும், கடை மெழுகுவர்த்தி வேண்டாம், உதிரும். ஊசி முனை மழுங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் நூலையே குத்தும், சாதாரண ஊசி என்றால் கல்லில் நாலு தேய் தேய்த்துக்கொள்ளுங்கள்.

நீளத்துக்குத் தையல் வரியைப் போல நாலு மடங்கு என்பார்கள். மெலிந்த தோலுக்கு அது சரி, நடுப்பட்டை வைத்த உறைக்குப் போதாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தையலிலும் நூலின் ஒரு பாதி 9 மில்லிமீட்டர் கனத்தைக் கடந்து, 5 மில்லிமீட்டர் மேலே ஓடுகிறது, மொத்தம் 14. இரண்டு பாதிக்கும் 28. அதாவது 5 மில்லிமீட்டர் முன்னேற 28 மில்லிமீட்டர் நூல், கிட்டத்தட்ட ஆறு மடங்கு. 15 சென்டிமீட்டர் தையலுக்கு 90 சென்டிமீட்டர், கையில் பிடிக்கவும் திரும்பி வந்து தைக்கவும் இன்னொரு 40. ஆக ஒண்ணே கால் மீட்டருக்கு மேல் எடுங்கள்.

*உறையை நனைத்துக் கத்தி வடிவத்துக்குக் கொண்டுவரலாம் என்று படித்து, நல்ல கொதிநீரில் போட்டேன். சுருங்கிக் கட்டை போலாகிவிட்டது. கத்தி பாதிதான் நுழைகிறது. ஏதாவது செய்ய முடியுமா?*
*(வாசகர், சூரமங்கலம்)*

முடியாது. சூட்டில் தோலின் நார் சுருங்கிவிட்டால் அது திரும்பாது. அடுத்த உறைக்குப் பச்சைத் தண்ணீரே போதும், அல்லது கை பொறுக்கும் வெதுவெதுப்பு. குமிழி வருவது நிற்கும் வரை நனைத்து எடுத்து, மேலே ஈரம் வற்றி நிறம் கொஞ்சம் வெளுத்து வரும்போது கத்தியைச் செருகி, விரலாலும் கரண்டியின் பின்புறத்தாலும் அழுத்தி வடிவம் கொடுங்கள். கத்திக்கு எண்ணெய் தடவிப் பிளாஸ்டிக் தாளில் இறுக்கமாகச் சுற்றியிருக்க வேண்டும், அதை மறந்தால் என்ன ஆகும் என்று அடுத்த கடிதம் சொல்லும். நிழலில் காய விடுங்கள். சேலம் வெயிலில் மொட்டை மாடியில் வைத்துவிடாதீர்கள், அவசரமாகக் காய்ந்த தோல் வெடிக்கும்.

*உறைக்குள் கத்தி பட்ட இடமெல்லாம் கருநீலமாகக் கறை. கத்தியிலும் துரு. பனிக் காலத்தில் மலையில் எதுவுமே காய மாட்டேன் என்கிறது, உறை மேல் வெள்ளையாகப் பூஞ்சையும் பிடிக்கிறது.*
*(வாசகர், ஏற்காடு)*

பட்டைத் தோலில் துவர்ப்புச் சத்து இருக்கிறது. ஈரத்தோடு இரும்பு பட்டால் அது கறுக்கும், கடுக்காயையும் இரும்பையும் சேர்த்துத்தான் அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்கள். கறை உறையைக் கெடுக்காது. எலுமிச்சைச் சாறு தொட்டுத் தேய்த்தால் கொஞ்சம் மங்கும், உடனே தண்ணீரில் துடைத்துவிடுங்கள். இன்னொரு வழி, வினிகரில் இரும்புத் தூளை ஊறப்போட்டு அந்தத் தண்ணீரை உறை முழுக்கத் தடவினால் எல்லாமே ஒரே கறுப்பாகிவிடும், கறை எங்கே இருந்தது என்றே தெரியாது.

துருதான் முக்கியம். பட்டைத் தோலில் லேசான புளிப்பும் உண்டு, காற்றின் ஈரத்தையும் அது இழுத்து வைத்துக்கொள்ளும். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில், மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வரும் ஊரில், சாதாரண எஃகுக் கத்தியை ராத்திரி முழுக்க உறைக்குள் விட்டால் துருப் பிடிக்காமல் என்ன செய்யும்? உறை வேலை நேரத்துக்கு மட்டும். வீட்டுக்கு வந்ததும் கத்தியைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவித் தனியாக மாட்டுங்கள். உறையை அடுப்படி இருக்கும் அறையில் தொங்க விடுங்கள், அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம். பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தால் பூஞ்சை குடும்பத்தோடு வந்துவிடும். வந்த பூஞ்சையை வாசலில் வைத்து உலர்ந்த துணியால் துடைத்து, தண்ணீர் கலந்த வினிகரால் ஒரு தடவை துடையுங்கள்.

புது உறை என்றால் தைத்து முடித்ததும் தேன்மெழுகு ஒரு பங்கு, தேங்காய் எண்ணெய் மூன்று பங்கு, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி ஆற வைத்துத் தேயுங்கள். எண்ணெயை மட்டும் ஊற்றி ஊற்றித் தடவாதீர்கள், உறை தொளதொளத்துவிடும். முனையில் ஒரு சின்ன ஓட்டையை விட்டுத் தைத்தால் உள்ளே போன மழைத் தண்ணீர் வடிந்துவிடும்.

*தைத்த உறைகளை ஏற்காட்டில் டூரிஸ்ட் கடைகளில் விற்கக் கொடுக்கலாமா?*
*(வாசகர், கருப்பூர்)*

இதுவரை எத்தனை தைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லையே. ஒரு மழைக்காலம் முழுக்க வேலை செய்கிறவர் இடுப்பில் இருந்து வந்த உறை ஒன்றாவது உங்களிடம் இருந்தால் கொடுங்கள்.

*மிளகுக் கொடிக்கும் நிழல் மரம் கழிக்கவும் வளைந்த கத்திதான் வைத்திருக்கிறோம். அதற்கு உறை தைத்தால் கத்தி உள்ளேயே போக மாட்டேன் என்கிறது.*
*(வாசகி, நாகலூர்)*

வளைவு அதிகமுள்ள கத்தி மூடிய உறைக்குள் போகாது, அதைப் பை மாதிரி தைக்கவே கூடாது. முதுகுப் பக்கத்தை முழுக்கத் திறந்து விட்டு, கூர்ப் பக்கமும் முனைப் பக்கமும் மட்டும் நடுப்பட்டை வைத்துத் தையுங்கள். கத்தி பக்கவாட்டில் உள்ளே படுக்கும். முதுகுப் பக்கம் இரண்டு தோல் வாரைக் குறுக்கே போட்டுப் பிரஸ் பட்டன் வைத்தால் விழாது. வாரை அளக்கும்போது கத்தியை உள்ளே வைத்து, வாரை இழுத்துப் பிடித்துக் குறி வையுங்கள். பட்டனின் உலோகம் கத்தி மேல் உரசாதபடி உள்பக்கம் மெல்லிய தோல் துண்டு ஒன்றை ஒட்டிவிடுங்கள். இந்த மாதிரி உறைக்கு நடுப்பட்டையை இரண்டு அடுக்காக வைத்தாலும் தவறில்லை, மரம் கழிக்கும் கத்தி கனமானது, நூலையும் இன்னும் நீளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.